பந்தாவின் அக்காவும் ஏழாம் நம்பர் மீனும்

தம்பிக்கு அப்போது நான்கு வயது, அக்காவுக்கு ஏழு. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் ஆளுக்கொரு டம்ளர் டீயைக் கையில் வாங்கியதுதான் தாமதம், தம்பி துணி அலமாரியின் உச்சியில் குடையை விரித்துக்கொண்டு நின்றான். "எல்லாரும் இங்க பாருங்க!" என்று ஒரு கூச்சல். அம்மா திரும்புவதற்குள் குதித்தும் விட்டான். குடை அந்தப் பக்கம் போயிற்று, அவன் இந்தப் பக்கம் வந்தான்.

கீழே தலையணையைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றது அக்காதான். பையன் பாதி தலையணையிலும் பாதி தரையிலுமாக விழுந்தான். முன்பல் ஒன்று போயிற்று. வந்திருந்த அத்தை ஒருத்தி அவனை அள்ளி மடியில் வைத்து, "என்ன துணிச்சல் பாரேன் இந்தப் பொடிப்பயலுக்கு!" என்று கொஞ்சி, பிஸ்கட் பொட்டலத்தையே கையில் கொடுத்துவிட்டாள். தலையணை பிடித்தவளுக்கு ஒரு பிஸ்கட்கூட வரவில்லை. "பெரியவதானே நீ, தடுத்திருக்க வேணாமா?" என்று திட்டுதான் வந்தது.

அவனுக்கு 'பந்தா' என்று பெயர் வந்தது பள்ளிக்கூடத்தில். சைக்கிளில் கையை விட்டு ஓட்டுவது, பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஓட்டுவது, அதற்கும் பிறகு சைக்கிளே இல்லாமல் வீடு வந்து சேருவது என்று படிப்படியாக முன்னேறினான். பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி.

அக்கா வேறு ரகம். சாலையைக் கடக்க வேண்டுமென்றால் வலது பார்ப்பாள், இடது பார்ப்பாள், மறுபடி வலது பார்ப்பாள், அப்புறம் தெம்பான ஆள் யாராவது கடக்கிறார்களா என்று காத்திருந்து அவர் நிழலிலேயே போவாள். வகுப்பில் பதில் தெரிந்த கேள்விக்கும் கை தூக்க மாட்டாள். கை தூக்கினால் முப்பது தலை திரும்புமே! "ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதானா?" என்று அம்மா அடிக்கடி அலுத்துக்கொள்வாள்.

பந்தா வளர்ந்து கண்ணாடி பொருத்தும் வேலைக்குப் போனான். அதுவும் கடை, வீடு என்று தரையில் நடக்கிற வேலை இல்லை. பன்னிரண்டு மாடி, பதினைந்து மாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு செய்கிற வேலை. ஆறு வருடத்தில் மணிக்கட்டு ஒரு முறை, விலா எலும்பு இரண்டு முறை உடைந்தது. கல்யாணமும் ஆயிற்று. பெண்ணும் அவன் தொங்கிக்கொண்டிருந்த கட்டடத்தில் மூன்றாம் மாடி அலுவலகத்தில் வேலை பார்த்தவள்தான். ஜன்னலுக்கு வெளியே தலைகீழாக வந்து அவளுக்குக் கும்பிடு போட்டிருக்கிறான். "அன்னிக்கு நான் ஜன்னல் திரையை இழுத்து விட்டிருக்கணும்" என்று அவள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அக்காவுக்குக் கிடைத்தது பல்கலைக்கழகத்தில், உயிரியல் துறையின் கீழ்த்தளத்தில், மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. யாராவது கேட்டால், "மீன் பாத்துக்கறேன்" என்பாள். "இன்னிக்கு கிலோ என்ன விலை?" என்று அடுத்த கேள்வி வரும். முதல் வருடம் விளக்கிச் சொன்னாள். இரண்டாம் வருடத்திலிருந்து ஏதோ ஒரு விலையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அந்த நீளமான அறையில் அறுபது கண்ணாடித் தொட்டிகள். காற்றுக் குழாய்கள் நாள் முழுக்கக் களகளவென்று பேசிக்கொண்டிருக்கும். மனிதர்கள் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். தண்ணீரின் சூடு பார்ப்பது, தீனி போடுவது, பாசி சுரண்டுவது, பஞ்சு வடிகட்டியைப் பிழிவது, எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவது. அவளுக்காகவே யாரோ யோசித்துச் செய்த வேலை மாதிரி இருந்தது. துறையில் எல்லோரும் அவளைத் 'தொட்டியக்கா' என்று கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த காவலாளிகூட அப்படித்தான்.

தொட்டிகளில் இருந்தவை கப்பி மீன்கள். விரல் நகம் அளவுதான் இருக்கும். பெண் மீன்கள் சாம்பல் நிறத்தில் தங்கள் பாட்டுக்கு மேயும். ஆண் மீன்கள் ஆரஞ்சும் நீலமும் கறுப்புமாக வாலை விசிறிக்கொண்டு திரியும். அறையின் கோடியில் ஒரு பெரிய தொட்டி. அதில் சின்ன மீனைத் தின்கிற முழ நீள மீன் ஒன்று அசையாமல் மிதந்துகொண்டு எல்லோரையும் முறைக்கும். தொட்டியக்கா அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தாள்.

இந்த ஏற்பாடெல்லாம் பேராசிரியையுடையது. குட்டையான, வேகமாக நடக்கிற, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டே அதைத் தேடுகிற அம்மாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தொட்டியக்காவை இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தி, ஒரு கப்பிக் கூட்டத்தைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் விட்டுக் காட்டினார். கூட்டம் மொத்தமும் செடிக்குள் ஓடி ஒளிந்தது. ஒரே ஒரு ஆண் மீன் மட்டும் வெளியே வந்தது. கொஞ்சம் முன்னே போயிற்று, நின்றது, இன்னும் கொஞ்சம் போயிற்று. கடைசியில் இன்ஸ்பெக்டரின் வாய்க்கு நேராகப் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

"இந்த மாதிரி கிறுக்கனுங்க எல்லாக் கூட்டத்துலயும் உண்டு" என்றார் பேராசிரியை. "ஆத்துல கண்ணாடித் தடுப்பு கிடையாது. இப்படிப் போறவன்ல பாதிப் பேரு திரும்பி வர்றதில்ல. அப்படின்னா எத்தனையோ ஆயிரம் தலைமுறையில இந்தக் குணமே அத்துப் போயிருக்கணுமில்லையா? பயந்தவன் மட்டும்தானே மிஞ்சியிருக்கணும்? ஆனா தலைமுறைக்குத் தலைமுறை ஒருத்தன் ரெண்டு பேரு வந்துகிட்டே இருக்கான். ஏன்? அதுதான் என் கேள்வி."

தொட்டியக்காவுக்கு அலமாரி உச்சியில் குடையோடு நின்ற உருவம் நினைவுக்கு வந்தது.

பேராசிரியையின் திட்டம் எளிமையானது. ஒவ்வொரு ஆண் மீனையும் தனியாகச் சோதனைத் தொட்டியில் விடுவார். ஒரு பக்கம் செடி, மறுபக்கம் தடுப்புக்கு அப்பால் இன்ஸ்பெக்டர். கறுப்புத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டை வழியாகப் பத்து நிமிடம் பார்ப்பார். கிட்டே போனால் 'துணிந்தவன்'. செடியை விட்டு வராவிட்டால் 'பயந்தவன்'. உடம்பிலுள்ள புள்ளிகளை வைத்து அடையாளம் குறித்து நம்பர் கொடுப்பார். பிறகு துணிந்தவர்களுக்குத் தனித் தொட்டி, பயந்தவர்களுக்குத் தனித் தொட்டி. இரண்டிலும் சம எண்ணிக்கையில் பெண் மீன்கள். எந்தத் தொட்டிக்காரர்கள் அதிகம் குட்டி போடுகிறார்கள், புது இடத்தில் வைத்த தீனியை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள், இதையெல்லாம் வருடக்கணக்கில் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் வருடம் ஒரு நாள் பந்தா சாப்பாட்டு டப்பாவை அக்கா வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் வேலை செய்த கட்டடம் அவள் போகிற வழியில்தான். பஸ் நிறுத்தத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தாள். ஆறாம் மாடியில் தொங்கிக்கொண்டிருந்தான். அவள் வந்திருப்பது அவனுக்குத் தெரியாது. தெருவிலும் யாருமில்லை.

அவள் பார்த்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்தான். கொக்கியைத் தட்டிப் பார்த்தான். முடிச்சை மூன்று தடவை சரிபார்த்தான். ஒரு கை கயிற்றிலிருந்தால்தான் மறு கை கண்ணாடிக்குப் போயிற்று. அம்மா தையல் ஊசியில் நூல் கோப்பது மாதிரி அத்தனை பொறுமை, அத்தனை அடக்கம். "இது என் தம்பிதானா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

அந்த நேரம் பஸ் ஒன்று வந்து நின்றது. முப்பது பேர் இறங்கினார்கள். இரண்டு மூன்று பேர் மேலே பார்த்தார்கள். அவ்வளவுதான். பந்தா சுவரை ஒரு உதை விட்டான், அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான், இரண்டு கையையும் விரித்தான், சீட்டி வேறு. கீழே ஒருவர் கை தட்டினார். கூட்டம் கலைந்து பஸ்ஸும் போனது. அவன் மறுபடி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வேலையைப் பார்த்தான்.

டப்பாவைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பி வந்தாள். அன்று மத்தியானம் 'பயந்தவர்' தொட்டியைக் கழுவ வேண்டிய நாள். கழுவும்போது மீன்களைத் தற்காலிகமாக இன்ஸ்பெக்டர் பக்கத்திலிருந்த நீளத் தொட்டியில் விடுவாள். ஏழாம் நம்பர் என்று ஒரு மீன். வாலடியில் ஆரஞ்சுப் பொட்டு, முதுகில் கறுப்புக் கோடு. சோதனையில் பத்து நிமிடமும் செடிக்குள்ளேயே கிடந்தது என்று பேராசிரியை கைப்பட எழுதியிருந்த ஆள். அவள் பாசி சுரண்டிக்கொண்டே தற்செயலாகத் திரும்பினால், ஏழாம் நம்பர் இன்ஸ்பெக்டரின் மூக்குக்கு நேராக நின்று வாலை விசிறிக்கொண்டிருந்தது. பின்னால் நான்கு பெண் மீன்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

சுரண்டியைக் கீழே வைத்தாள். வலையால் பெண் மீன்களை மட்டும் மெதுவாக எடுத்து வேறு தொட்டியில் விட்டாள். ஏழாம் நம்பர் அப்படியும் இப்படியும் பார்த்தது. திரும்பியது. செடிக்குள் போய்விட்டது. பெண் மீன்களை மறுபடி விட்டாள். அடுத்த நிமிடம் ஐயா கிளம்பிவிட்டார்.

"அட என் பந்தாவே!" என்றாள், அறையில் யாருமில்லாததால் கொஞ்சம் சத்தமாகவே.

அதன் பிறகு கழுவும் நாளெல்லாம் அவளுக்குச் சோதனை நாள் ஆயிற்று. துப்புரவுப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி, நம்பர், 'பெண் மீன் இருந்தபோது', 'இல்லாதபோது' என்று கோடு போட்டு எழுதி வந்தாள். ஒன்றரை வருடத்தில் நாற்பத்தொரு ஆண் மீன்கள். அதில் இருபத்தாறு ஆளில்லாதபோது ஒரு மாதிரி, ஆளிருந்தால் வேறு மாதிரி. பேராசிரியை பயந்தவர் என்று ஒதுக்கி வைத்திருந்ததில் பாதிக்கு மேல், பார்க்க ஆளில்லாததால் சும்மா கிடந்தவர்கள்!

இதைப் பேராசிரியையிடம் சொல்ல வேண்டியதுதானே? அவள் கணவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் செலவழிக்காதவர். அவரே கேட்டார். "சொல்லேன்."

"அவங்க எவ்வளவு படிச்சவங்க. நான் போயி உங்க சோதனை தப்புன்னு சொல்றதா?"

"தப்புன்னா தப்புதானே?"

"அவங்களா கேட்டா சொல்றேன்."

பேராசிரியை கேட்கவில்லை. தொட்டி கழுவுகிறவளிடம் கேட்க ஏதாவது இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இப்படியே மூன்றாம் வருடமும் முடிகிற நேரத்தில், ஒரு திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டரின் தொட்டி மூலையில் விரிசல் விட்டுத் தண்ணீர் தரையெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. பேராசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டத்தைத் தொடரலாமா, நிறுத்திவிடலாமா என்று முடிவு செய்ய வெளியிலிருந்து ஐந்து பேர் குழு வியாழக்கிழமை வருகிறது. "இன்னிக்கே கண்ணாடி ஆள் யாராவது வேணும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் மாட்டிக்கொண்டாள்.

பந்தா வந்தான். தோளில் கண்ணாடி, இடுப்பில் சாமான் பை, வாயில் பாட்டு. வாளிக்குள் அடைபட்டிருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "என்ன சார், வீடு ஒழுகுதா?" என்றான். உடைந்த கண்ணாடியை எடுத்து, விளிம்பைச் சுரண்டி, புதுக் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டினான். கை சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். அந்த நிதானத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அக்காவுக்கு நாக்கு கொஞ்சம் தளர்ந்துவிட்டது. ஏழாம் நம்பரின் கதையைச் சொல்லிவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் தான் நின்றதை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப அவன் நம்ம ஆளு!" என்று துள்ளினான். "எங்க அவன்? காட்டு! இதை நீ கண்டுபிடிச்சியா? அந்த மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ வாயைத் திறந்த, அப்புறம் நான் உன் அக்கா இல்ல."

"சத்தியமா திறக்க மாட்டேன்" என்றான். அந்த நிமிடத்தில் உண்மையாகத்தான் சொன்னான்.

பசை காய்ந்து, புதன்கிழமை தண்ணீர் நிரப்பி, இன்ஸ்பெக்டரும் குடியேறிவிட்டது. வியாழக்கிழமை காலை ஒழுகுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்த பந்தா ஏணி மேல் நின்றுகொண்டிருந்தபோது, குழு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. அவன் அப்படியே ஏணியில் நின்றான். தொட்டியக்கா சுவரோடு சுவராகப் போய் ஒட்டிக்கொண்டாள்.

குழுவின் தலைவர் உயரமான, வழுக்கைத் தலை மனிதர். எல்லாத் தொட்டியையும் குனிந்து பார்த்தார். அட்டவணைகளைப் புரட்டினார். கடைசியில் மென்மையாகத்தான் கேட்டார். "மூணு வருஷமாச்சு. துணிஞ்சவங்க தொட்டியும் பயந்தவங்க தொட்டியும் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கே. குட்டி எண்ணிக்கை ஒண்ணு, தீனி கண்டுபிடிக்கிற வேகம் ஒண்ணு. அப்ப இந்த ரெண்டு குணத்துக்கும் வித்தியாசமே இல்லைன்னு ஆகுதே?"

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது தலைமேல் இருந்தது. "அதைத்தான்... இன்னும் ஒரு வருஷம் பார்த்தா..." என்று இழுத்தார்.

தொட்டியக்காவுக்கு விடை தெரியும். வலது கை விரல்கள் இரண்டு அங்குலம் மேலே எழும்பின. அங்கேயே நின்றுவிட்டன. ஏணி மேலிருந்த பந்தா அக்காவைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பந்தா உதட்டைக் கடித்தான். கண்ணை மூடினான். பாவம், முயற்சி செய்தான்.

"சார்! அதுக்குக் காரணம் எங்க அக்காவுக்குத் தெரியும்!"

ஆறு தலைகள் ஏணியை நோக்கித் திரும்பின. ஆறு ஜோடிக் கண்கள் கிடைத்ததும் அவனைப் பிடிக்க முடியுமா? ஒரு காலை ஏணியிலிருந்து எடுத்து அந்தரத்தில் நீட்டிக்கொண்டு, "தனியா விட்டா எவன் சார் சாகசம் பண்ணுவான்? பாக்க ஆள் வேணாமா? எங்க அக்கா நாற்பது மீனைச் சோதிச்சு நோட்டுல எழுதி வச்சிருக்கா!" என்று விளாசித் தள்ளினான்.

தொட்டியக்காவுக்கு அந்த நேரம் புகுந்துகொள்ள ஒரு செடி கிடைத்திருந்தால் போதும் என்றிருந்தது. பேராசிரியையின் முகம் சிவந்தது, வெளுத்தது. தலைவர் மட்டும் நிதானமாக, "அப்படியா? காட்ட முடியுமாம்மா?" என்றார்.

வேறு வழியில்லை. ஏழாம் நம்பரைத் தனியாகச் சோதனைத் தொட்டியில் விட்டாள். செடிக்குள் போய்விட்டது. ஐந்து நிமிடம் வெளியே வரவில்லை. "இது எங்களுக்குத் தெரிஞ்சதுதான்" என்றார் பேராசிரியை வறண்ட குரலில். தொட்டியக்கா ஒரு கண்ணாடிச் சாடியில் நான்கு பெண் மீன்களைக் கொண்டுவந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு குனிந்தார்கள். ஏழாம் நம்பர் அசையவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். குழுவில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வாடா மச்சான், மானத்தை வாங்காதடா" என்று ஏணி மேலிருந்து கெஞ்சல் கேட்டது.

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "எல்லாரும் ரெண்டடி பின்னால போங்க! இப்படி மேல விழுந்தா எந்த மீன் வரும்? நீ வாயை மூடு!" என்றாள்.

வாழ்நாளில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. தலைவர் இரண்டடி பின்னால் போனார். பேராசிரியையும் போனார். பந்தா வாயை மூடிக்கொண்டான். அவள் கறுப்புத் துணியைப் பாதி இழுத்துவிட்டு, மேல் விளக்கை அணைத்து, சாடியை விரல்கடை அளவு நகர்த்தி வைத்தாள்.

செடி அசைந்தது. ஆரஞ்சுப் பொட்டு எட்டிப் பார்த்தது. சாடிப் பக்கம் ஒரு பார்வை. பிறகு ஏழாம் நம்பர் வாலை முழுக்க விசிறி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிதானமாக, நேராக இன்ஸ்பெக்டரின் வாய்க்கு முன்னால் போய் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. திரும்பிச் சாடியைப் பார்த்தது. மறுபடி போயிற்று.

தலைவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "எங்க வீட்ல ஒருத்தன் இருக்கான், இதே மாதிரி" என்றார். பேராசிரியை சிரிக்கவில்லை. முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "மூணு வருஷம்" என்றார். அப்புறம், "அந்த நோட்டைக் கொண்டு வாங்க."

அடுத்த இரண்டு நாள் பேராசிரியை தொட்டியக்காவோடு பேசவில்லை. தொட்டியக்கா தம்பியோடு ஒன்பது நாள் பேசவில்லை. அவன் தினமும் போன் செய்தான், எடுக்கவில்லை. ஆறு தலை திரும்பிய அந்த நிமிடத்தை நினைத்தாலே அவளுக்குக் காது சுட்டது.

மூன்றாம் நாள் காலை பேராசிரியை பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கண்ணின் கீழ் கருவளையம். "இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலை மேடம்."

பேராசிரியை பதிவேட்டை அவள் கையில் கொடுத்தார். "ஆமா. நான் கேட்டிருக்கணும்" என்றார். பிறகு பக்கத்திலேயே இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்கு எப்படித் தோணிச்சு, பெண் மீனை எடுத்துப் பார்க்கணும்னு?"

அப்போதுதான் பஸ் நிறுத்தத்தில் பார்த்ததைச் சொன்னாள். பேராசிரியை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அது வெறும் கிறுக்குத்தனம் இல்ல. கணக்குப் பார்த்துச் செய்ற கிறுக்கு" என்றார். "உயிரைப் பணயம் வைக்கிறான். ஆனா சும்மா வைக்க மாட்டான். நான் எவ்வளவு திடமானவன்னு நாலு பேருக்குக் காட்ட முடியும்னா மட்டும்தான் வைப்பான். செத்தா போச்சு. பொழைச்சா பொண்ணு கிடைக்கும், புள்ளைங்க பிறக்கும், அதுங்களுக்கும் அதே புத்தி வரும்."

"எங்க தம்பிக்கு அப்படித்தான் மேடம் கல்யாணம் ஆச்சு."

திட்டம் தொடர்ந்தது. மீன்களை முதலிலிருந்து மறுபடி பிரித்தார்கள், இந்த முறை தொட்டியக்காவின் முறைப்படி. நான்கு மாதத்திலேயே தொட்டிகள் வெவ்வேறு மாதிரி நடக்க ஆரம்பித்தன. பேராசிரியைக்கே ஆச்சரியமாக இருந்தது இரண்டு ரகத்தையும் சேர்த்து விட்ட கலப்புத் தொட்டிதான். தீனியை இடம் மாற்றி வைத்தால் பயந்தவர் மட்டும் இருக்கிற தொட்டி பசியோடு ஒளிந்து கிடந்தது. துணிந்தவர் மட்டும் இருக்கிற தொட்டியில் எல்லோரும் முன்னால் போய் நின்று, பெண் மீன்களின் கண்ணில் பட ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டார்கள். கலப்புத் தொட்டியில் ஒருவன் போய்ப் பார்த்துவிட்டு வருவான், மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகப் போய்ச் சாப்பிடுவார்கள். சண்டை இல்லை, பட்டினி இல்லை.

ஒரு வருடம் கழித்துக் கட்டுரை வெளிவந்தபோது மூன்று பெயர்களில் ஒன்று அவளுடையது. பதவியும் மாறிற்று. பந்தா அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகலெடுத்து, வேலை செய்கிற கட்டடத்திலெல்லாம் ஆள் ஆளுக்குக் காட்டினான். அவன் வாய் திறந்திருக்காவிட்டால் அந்தப் பதிவேடு இன்றைக்கும் துடைப்பத்துக்குப் பக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவனிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் தாங்க முடியாது.

பன்னிரண்டு மாடியிலிருந்து விழாத பந்தா, மனைவியின் அலுவலக விருந்தில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டான். ஏழாம் நம்பர் எப்படி வாலை விசிறியது என்று நடித்துக் காட்டியபோது நடந்தது அது. தொட்டியக்கா பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள். கட்டுப் போட்ட தோளோடு சோபாவில் சாய்ந்திருந்தவன் முதலில் கேட்டது, "நம்ம ஆளு எப்படி இருக்கான்?"

போன வாரத்திலிருந்தே அவள் இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை பக்கத்துத் தொட்டிக்குப் புதுப் பெண் மீன்கள் வந்திருந்தன. திங்கட்கிழமை காலை எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது, ஏழாம் நம்பர்தான். தடுப்புக் கண்ணாடியின் விளிம்பில் தண்ணீர் தெறித்த கறை. இன்ஸ்பெக்டர் வழக்கம்போல் அசையாமல் மிதந்துகொண்டிருந்தது. கப்பி மீன் நன்றாகக் குதிக்கும்.

போனில் இரண்டு தடவை "நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டாள். நேரில் முடியவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

பந்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவளும் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"குட்டிங்க?" என்றான் கடைசியில்.

"பதினொண்ணு. போன மாசம் போட்டது. அதுல மூணு இப்பவே முன்னால போயி நிக்குது. மிச்ச எட்டும் செடிக்குள்ளதான்."

"மூணுதானா?" என்றான், கொஞ்சம் ஏமாற்றமாக. மறுபடி யோசித்தான். "அவன் குதிச்சப்ப அந்தப் புதுப் பொண்ணுங்க பாத்துச்சா?"

"அந்தப் பக்கம்தானேடா இருந்துச்சுங்க. பாத்திருக்கும்."

"அப்ப சரி" என்று தலையை ஆட்டிக்கொண்டு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டான்.

உள்ளேயிருந்து துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன அப்ப சரி? பாத்த பொண்ணுங்க கதி என்னாச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா அண்ணி? என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்" என்றாள். தொட்டியக்கா சிரித்த சிரிப்பில் பழத்தின் பாதி தரையில் விழுந்தது. பந்தா மட்டும், யாருக்குப் புகழ்ச்சி என்று சரியாகத் தெரியாவிட்டாலும், உடையாத தோளை லேசாக நிமிர்த்திக்கொண்டான்.